420 ஓட்டங்களும் ஒரு கணினியும்

எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் மூளை எம்ஆர்ஐ படங்களை, மூளைப் பகுதிகளை அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபரில் ஓட விடுவது என் வேலை. "இதைச் சீக்கிரம் முடிக்க வழியே இல்லையா?" என்று கேட்காத மாணவர் கிடையாது. வழி இருக்கிறது. ஆனால் அவர்கள் வெட்டச் சொல்லும் இடம்தான் வெட்டக் கூடாத இடம்.

கணக்கைப் பாருங்கள். 60 பேர், காலப்போக்கில் மூளை எப்படி மாறுகிறது என்று பார்க்க வெவ்வேறு சமயங்களில் எடுத்த ஸ்கேன் ஆளுக்கு 3. முதலில் ஒவ்வொரு ஸ்கேனும் தனித்தனியாக ஓட வேண்டும். இதுதான் கிராஸ், 180 ஓட்டம். அப்புறம் ஒருவருடைய எல்லா ஸ்கேன்களையும் சேர்த்து அவருக்கென ஒரு டெம்ப்ளேட், அதாவது பொது மாதிரிப் படம். இது பேஸ், 60. அதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஸ்கேனும் மறுபடி ஓடுவது லாங், இன்னொரு 180. மொத்தம் 420. சராசரி 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட 105 நாள்!

உடனே வரும் யோசனை: "பேஸ் எதற்கு? முதல் ஸ்கேனோடு மற்றவற்றைப் பொருத்திவிட்டால் போதாதா?" போதாது. பொருத்தும்போது இரண்டாவது, மூன்றாவது படங்கள் மட்டும் திருப்பி நகர்த்தப்பட்டு லேசாக மழுங்கும். முதல் படம் அப்படியே கூர்மையாக இருக்கும். அந்த வித்தியாசம் கடைசியில் மூளையில் நேர்ந்த மாற்றம் போலத் தெரியும். நலமாக இருக்கும் முதியவருக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆண்டுக்கு 1–2 சதவீத அளவில்தான் சுருங்குகிறது. இவ்வளவு சின்ன விஷயத்தை அளக்கப்போய் நாமே ஒரு சாய்வை உண்டாக்கினால் எப்படி? மார்ட்டின் ராய்ட்டரும் கூட்டாளிகளும் 2012இல் விளக்கிய முறை எந்த ஸ்கேனுக்கும் சலுகை தராமல் நடுவில் டெம்ப்ளேட்டை அமைப்பது இதற்காகத்தான். ஒரே ஒரு ஸ்கேன் உள்ளவரையும் நான் பேஸ், லாங் வழியாகவே அனுப்புகிறேன்.

சரி, நேரம் எங்கே மிச்சமாகும்? ஒரு ஓட்டத்துக்கு 4 த்ரெட் (ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாக நடக்கும் கணக்கு இழைகள்) கொடுத்தால் நேரம் கால்வாசியாகிவிடாது. பல படிகள் ஒற்றை த்ரெட்டில்தான் நகரும். அதனால் ஒற்றை த்ரெட் ஓட்டங்களைப் பலவாகப் பக்கத்தில் பக்கத்தில் விடுவதே லாபம். செயலியின் கோர்களை எண்ணுவதற்கு முன் நினைவகத்தை எண்ணுங்கள். ஓட்டத்துக்கு 8 ஜிபி ஒதுக்கினால் 64 ஜிபி கணினியில் 8 ஓட்டம், அவ்வளவுதான். அப்படியே 105 நாள் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும்.

பலரும் 180 கிராஸும் முடியட்டும் என்று காத்திருந்து பேஸைத் தொடங்குகிறார்கள். தேவையே இல்லை. ஒருவருடைய மூன்று கிராஸும் முடிந்தால் அவருடைய பேஸ் கிளம்பலாம். வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் மென்பொருளில் 'இது முடிந்தால் அது' என்று சார்பு நிபந்தனை போட்டுவிட்டால் ராத்திரியில் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் கணினியைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது. தலை அசைந்து கெட்டுப்போன ஸ்கேனைக் கண்ணால் பார்த்து விலக்குங்கள். அந்த ஒரு படம் தப்பிப் போனால் பேஸும் கெடும், அவருடைய லாங் அத்தனையும் திரும்ப ஓட வேண்டும்.

இதே வேலையை ஆழ்கற்றல் மூலம் வேகமாகச் செய்யும் ஃபாஸ்ட்சர்ஃபர் என்ற மென்பொருள் பற்றியும் கேட்கிறார்கள். ஜிபியு (கிராபிக்ஸ் செயலி) இருந்தால் மூளைப் பகுதிகளைப் பிரிக்கும் வேலையை ஒரு நிமிட அளவில் முடித்துவிடும். மூளையின் வெளி அடுக்கான புறணியின் பரப்பை அமைக்க அதற்கும் நேரம் பிடிக்கும். புதிய ஆய்வென்றால் தாராளமாகத் தொடங்கலாம். பாதி ஸ்கேன் ஒரு மென்பொருளில், மீதி இன்னொன்றில் என்பது மட்டும் வேண்டாம். பதிப்பு எண் மாறுவதும் அதே ரகம்தான்.

அடுத்த ஆண்டு நான்காவது ஸ்கேன் வரும்போது பேஸும் லாங்கும் புதிதாக ஓட வேண்டும். பழைய கிராஸ் ஓட்டங்களை அப்படியே பயன்படுத்தலாம், ஆகவே வட்டில் இடமில்லை என்று அவற்றை அழித்துவிடாதீர்கள்.