ராணுவ ஜெனரேட்டரை ஏற்காட்டுக்கு ஏற்றிய கதை

எங்கள் காபித் தோட்டம் ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில் இருக்கிறது. பழம் பறித்த அன்றே பல்பர் என்ற இயந்திரத்தில் போட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். ஒரு ராத்திரி மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். பறிப்பு ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். சில்வர் ஓக் மரக் கிளை ஒன்று கம்பியில் சாய்ந்தால் கரண்ட் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நவம்பரில் இரண்டு நாள் பழம் அப்படியே வீணானது. அப்போதுதான் ஜெனரேட்டர் தேட ஆரம்பித்தேன்.

புதிய 15 கேவிஏ (சுமார் 12 கிலோவாட்) ஜெனரேட்டர் செட் வாங்கக் கையில் பணம் இல்லை. ராணுவம் கழித்த வண்டிகளும் செட்டுகளும் எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் வழியாக இணையத்தில் ஏலம் போகின்றன. அங்கே லாட் கணக்கில் மொத்தமாக எடுக்கும் வியாபாரிகளோடு ஒற்றைச் செட்டுக்காக மோத முடியாது. அப்படி ஏலத்தில் எடுத்தவர் ஒருவரிடமே வாங்கினேன். ஏலக் காகிதத்தின் நகல், ஜி.எஸ்.டி. பில் இரண்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஜீப்பாக இருந்தால் இன்னும் வேலை அதிகம்: மேல்நோக்கிய அம்பு போட்ட ராணுவ நம்பரோடு ஓட்ட முடியாது, ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும். ஜெனரேட்டருக்கு அந்த அலைச்சல் இல்லை.

“ஓட்டிப் பார்த்த செட்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு பட்டறையில் இறக்கியதும் மெக்கானிக் அண்ணன் முதலில் செய்தது சாவியைத் திருப்புவதல்ல. காற்றுக் குளிர்ப்பு எஞ்சின் என்பதால் மேல் தகட்டைக் கழற்றினார். மூன்று சிலிண்டர்களின் ஃபின்ஸ் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) இடுக்குகளிலும் எலிக்கூடு. வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டச் சுரண்ட, சாக்கு நூல், நெல் உமி, நைந்த காகிதம் என்று உருண்டை உருண்டையாக வந்தது. ஒரு நாளிதழை விரித்த அகலத்துக்குக் குவிந்துவிட்டது. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் சூடேறி பிஸ்டன் பிடித்திருக்கும்.

டேங்கின் அடியில் பழுப்புத் தண்ணீரும் பாசி மாதிரி வழவழப்பும் இருந்தன. டேங்க், ஃபில்டர், லைன் எல்லாம் சுத்தம் செய்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் சுற்றிப் பார்த்து, அப்புறம் டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை லைன் போல்ட்டைத் தளர்த்தியே வைக்க வேண்டும். டீசலை அளந்து தரும் பம்பையும் அதைப் பீய்ச்சும் நாசிலையும் அதற்கு முன்பே தனியாக பம்ப் கடைக்கு அனுப்பி வாங்கியிருந்தோம். 24 வோல்ட் ஸ்டார்ட்டிங், அதனால் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்தோம். எஞ்சின் இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது.

ஆனால் கரண்ட் வரவில்லை. வோல்ட் மீட்டர் முள் அசையவே இல்லை. பல வருடம் சும்மா கிடந்த ஆல்டர்னேட்டரில் (கரண்ட் உண்டாக்கும் பகுதி) இரும்பில் தங்கியிருக்கும் மிச்சக் காந்தம் போய்விடுவதுண்டு. அது இல்லாமல் முதல் வோல்டேஜ் பிறக்காது. காந்தம் ஏற்றுவதற்கு முன்னால் வைண்டிங்கின் இன்சுலேஷனை அதை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் பார்த்தே ஆகவேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். 0.2 மெகாஓம் காட்டியது. குறைந்தது ஒன்றாவது வேண்டும். இரண்டு 100 வாட் குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடினோம். அடுத்த நாள் அளந்தால் இன்னும் இறங்கியிருந்தது! நான் பயந்துவிட்டேன். சூடேறும்போது ஈரம் இன்சுலேஷன் முழுக்கப் பரவுவதால் முதலில் இறங்கும், அப்புறம் ஏறும் என்றார் அண்ணன். மூன்றாம் நாள் 5 மெகாஓம் தாண்டியது. அதன்பிறகு காந்தம் ஊட்டும் எக்ஸைட்டர் பீல்டு கம்பிகளை ஏ.வி.ஆரிலிருந்து (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) பிரித்து, பிளஸ் மைனஸ் மாறாமல் 12 வோல்ட் பேட்டரியைச் சில விநாடி தொட்டார். முள் எழுந்தது. அந்த நொடி பட்டறையில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

நான்கு துருவ ஆல்டர்னேட்டருக்கு 1500 ஆர்.பி.எம். என்றால் 50 ஹெர்ட்ஸ். லோடு இல்லாமல் 52 வைத்தோம், லோடு ஏறும்போது 50க்கு இறங்கும் என்று. டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மூன்று ஃபேஸுக்கும் இரண்டிரண்டாக ஆறு 2 கிலோவாட் ஹீட்டர்களைப் போட்டு 12 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். தண்ணீர் ஆவி பறக்கச் சூடானது, செட் அசையவில்லை. மினி லாரியில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் கடந்து மேலே வந்து சேர்ந்தோம்.

மேலே பல்பர், தண்ணீர் மோட்டார், காபிக் கொட்டையைக் கழுவும் வாஷர் மூன்றையும் போட்டதும் கரும்புகை. 46 ஹெர்ட்ஸுக்கு விழுந்து, பல்பர் திணறி நின்றது. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“தம்பி, மலைக்குப் போற செட்டுன்னு பம்ப் கடைக்காரர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லீங்கண்ணே, ஏன்?”

அண்ணன் விளக்கியது இதுதான்: சேலம் ஊர் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1500. காற்றின் அடர்த்தி சேலத்தைவிட இங்கே பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவு. டர்போ (காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) இல்லாத எஞ்சின் ஒரு சுற்றில் இழுக்கும் காற்று குறைகிறது. ஆனால் கீழே அளந்து வைத்த பம்ப் அதே அளவு டீசலைத்தான் ஊற்றுகிறது. எரிய வழியில்லாத டீசல் கரும்புகையாக வருகிறது. எஞ்சின் சூடாகும், பலம் கூடாது. மேலே எடுத்துப் போகும் எந்த எஞ்சினுக்கும் பம்ப் கடையில் முதலில் சொல்ல வேண்டியது ஊர்ப் பெயர்தான். எனக்கு அது தெரியவில்லை, பம்ப் கடைக்காரரும் கேட்கவில்லை.

பம்பை மறுபடி கீழே அனுப்பி அதிகபட்ச டீசல் அளவைக் குறைத்தோம். செட்டை இனி 12 கிலோவாட் என்று நினைக்காமல் 10 என்று கணக்கு வைத்தேன். 7.5 எச்.பி. பல்பருக்கு தொடக்கக் கரண்டைக் குறைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டோம், நேரடியாகப் போட்டால் தொடக்கத்தில் அது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். பெரிய மோட்டார் முதலில், அது நிலைத்த பிறகு தண்ணீர் மோட்டார். வாஷரை பல்பர் நின்ற பிறகு மட்டும். புகை இப்போது ஸ்டார்ட் செய்யும்போது ஒரு நிமிடம், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை அரை மணி ஓட்டுகிறேன், அதுவும் சும்மா இல்லை, பல்பரைப் போட்டு. லோடு இல்லாமல் டீசல் எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருந்தால் சைலன்சரில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும். காற்று நுழையும் வாயில் எலி புகாதபடி கம்பி வலையும் அடித்துவிட்டேன்.

கடைசி வேலை சேஞ்ச்ஓவர் சுவிட்ச்: லைன் கரண்ட், செட்டு கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது. செட்டு கரண்ட் ஒரு சொட்டுகூட லைனில் திரும்பிப் போகக்கூடாது, கம்பத்தில் ஆள் இருப்பார். இந்த மழையில் ஒண்டிக்கடை பக்கம் மரம் விழுந்த அன்று லைன்மேன் எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார். “செட்டு ஓடுதுங்களா சார்?” என்று கேட்டு, சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் கம்பத்தில் ஏறினார். நாங்கள் அன்றைய பழம் முழுக்க ஒன்பது மணிக்குள் முடித்தோம்.