டி டிரைவ் படுத்த வாரம்

மார்ச் 3, திங்கள்

டி டிரைவில் பழைய ஒலிப்பதிவுகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால், சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ரீஸ்டார்ட் செய்தேன். அதே பெட்டி. டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை, பிழையைத் திருத்தவும் சொல்லும் எஃப் போட்டு ஓட்டினேன். நான்கு நிமிடத்தில் பிழைகளைத் திருத்திவிட்டதாகச் சொன்னது. ஃபோல்டரும் திறந்தது. மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மார்ச் 5, புதன்

மறுபடியும் அதே பெட்டி. கூடவே புது வியாதி ஒன்று: சில படங்களைச் சொடுக்கினால் அரை நிமிடத்துக்கு மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது.

எஃப் போதவில்லை போலிருக்கிறது என்று ஆர் போட்டேன். எஃப் செய்வதெல்லாம் இதிலும் உண்டு. அதற்கு மேல் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும், அதாவது தகவல் பதியும் ஒவ்வொரு சிறு துண்டையும், படித்துப் பார்க்கும். மொத்தம் ஐந்து கட்டங்கள். இரவு 10.40க்கு நான்காவது தொடங்கியது. படுக்கப் போகிறேன்.

மார்ச் 6, வியாழன்

காலை ஏழு மணிக்கு 27 சதவீதம். பத்து மணிக்கும் 27 சதவீதம்.

கேபினட்டில் காதை வைத்துக் கேட்டேன். டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டக். ஒரே இடத்தைப் படிக்க முடியாமல் ஹெட் திரும்பத் திரும்பப் போய் முட்டுகிற சத்தம். நடுவில் நிறுத்தினால் பாதி திருத்திய கணக்கு இன்னும் குழம்பும். விட்டால் டிஸ்க் இன்னும் அடி வாங்கும். புலிவாலைப் பிடித்த கதைதான். நிறுத்தவில்லை.

மாலை நாலரைக்கு முடிந்தது. ஒலிப்பதிவு ஃபோல்டர் இருந்த இடத்தில் இல்லை. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னபோது ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தது. உள்ளே .சிஹெச்கே என்று முடியும் கோப்புகள் முந்நூற்றுச் சொச்சம். பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களை எடுத்துப் பார்த்தேன்.

மேலே பெரிய எழுத்தில் ‘பாஸ்’. அதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் பாவம். விஷயமெல்லாம் கீழே, கடைசிப் பத்தியில் இருக்கும் மூல எண்களில். 5ஆம் வரி, மாற்றி ஒதுக்கிய செக்டர்கள்: 40. 197ஆம் வரி, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை: 112. 199ஆம் வரி பூஜ்யம். அது கேபிளில் வரும் பிழைக் கணக்கு. அதாவது, நேற்றிரவு ஆத்திரத்தில் நான் மாற்றிய, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிள் ஒரு பாவமும் அறியாது.

கணக்குப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், கரையான் அரித்ததோ பேரேட்டை. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் விண்டோஸ் முறையான என்டிஎஃப்எஸ் தன் குறிப்பேட்டில் எழுதி வைப்பது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற கணக்கைத்தான், கோப்புக்குள் இருப்பதை அல்ல. திடீரென்று கரண்ட் போனால் மீண்டு வர அந்தக் குறிப்பு போதும். காந்தத் தட்டே கெட்டால் போதாது. செக்டிஸ்க்குக்கும் கணக்கு ஒத்துப்போனால் சரி. ஒத்துவராத பதிவைத் தூக்கிவிடும், அனாதையான துண்டுகளை ஃபவுண்டில் கொட்டிவிடும். அவ்வளவையும் சாகக்கிடக்கும் அதே டிஸ்க்கிலேயே எழுதும்.

திங்களன்று ஃபோல்டர் திறந்ததே, அப்போதே காப்பி எடுத்திருந்தால்? இரண்டு நாள் முழுசாகக் கையில் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

புது 2 டெராபைட் டிஸ்க். பென்டிரைவிலிருந்து லினக்ஸ். கெட்ட டிஸ்க்கிலிருந்து முடிந்ததை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ.

என்டர் தட்டுவதற்கு முன் கால் மணி நேரம் வெறும் சரிபார்ப்பு. லினக்ஸுக்கு ஒன்று எஸ்டிஏ, இன்னொன்று எஸ்டிபி. திசை மாறினால் வெற்று டிஸ்க் நல்லபடியாக நகலாகிப் பழையதை மூடிவிடும். இரண்டின் சீரியல் எண்களையும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டேன். திரும்பவும் ஒப்பிட்டேன்.

முதல் சுற்றில் மைனஸ் என் (-n) போட்டு ஓட்டினேன். கஷ்டமான இடத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்காமல் வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அதனால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நொடிக்கு 110 மெகாபைட் என்று ஓடிக்கொண்டிருந்தது, 27 சதவீதத்துக்குப் பக்கத்தில் கிலோபைட்டுக்கு விழுந்தது. எதிர்பார்த்ததுதான். கொஞ்ச நேரத்தில் தாவி மேலே போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

அடுத்த சுற்றில் மூன்று முறை திரும்ப முயலச் சொன்னேன். 1 டெராபைட்டில் வராமல் நின்றது 24 கிலோபைட். பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டுவிட்டேன். இனி எந்தச் சோதனையும் நகலில்தான்.

ஒரு வேடிக்கை: புத்தம் புது டிஸ்க்கிலும் கெட்ட இடம் இருப்பதாகச் செக்டிஸ்க் சொன்னது. பழையதன் கெட்ட கிளஸ்டர் (செக்டர்களின் கட்டு) பட்டியலும் சேர்ந்து நகலாகியிருக்கிறது. பி போட்டு ஓட்டினால் பட்டியலை அழித்துவிட்டு எல்லா இடத்தையும் புதிதாகச் சோதிக்கும். ராத்திரி முழுக்க ஓடட்டும்.

மார்ச் 10, திங்கள்

முந்நூற்றுச் சொச்சம் அனாதைகளுக்குப் பெயர் சூட்டும் விழா. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் சில எழுத்துகளே குலத்தைச் சொல்லிவிடுகின்றன. எஃப்எஃப் டி8 என்றால் ஜேபெக் படம். பிடிஎஃப் தன் பெயரைத் தானே சொல்லும். பி.கே. என்று தொடங்கினால் ஜிப், அல்லது ஜிப்பாகவே கட்டப்பட்ட வேர்டு கோப்பு. அந்த பி.கே., ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல். மனிதர் தன் கையெழுத்தை எத்தனை கோடிக் கோப்புகளில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

ஒலிப்பதிவு ஃபோல்டர் மட்டும் ஃபோல்டராகவே கிடைத்தது. பெயர்தான் டிஐஆர்0000 என்று மாறியிருந்தது. உள்ளே கோப்புப் பெயர்கள் அப்படியே இருந்தன.

மார்ச் 12, புதன்

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், போன புதன் இரவு ஓட்டிய செக்டிஸ்க்கின் பதிவைத் தேடிப் படித்தேன். ஒரு வரி: இன்ன கோப்பில் கெட்ட கிளஸ்டர்களை மாற்றியிருக்கிறேன். கோப்பின் பெயரையும் போட்டிருந்தது. டேபிள் ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்று அப்பா சொல்லச் சொல்ல நான் பதிந்து வைத்த வேவ் கோப்பு.

எட்டு கிளஸ்டர் போயிருக்கிறது. தலா 4 கிலோபைட் என்றால் 32. மோனோ, 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ். நொடிக்கு 88,200 பைட். கணக்குப் போட்டால் 0.37 நொடி. பதினொரு நிமிடப் பதிவில் அது ஒரு பொருட்டே இல்லை என்று ஓட விட்டேன். ஆறாவது நிமிடம் வரை அப்பா தெளிவாகப் பேசுகிறார். “எல்லாத்தையும் கழட்டு. ஆனா அந்த” என்கிறார். ஒரு சின்ன மௌனம். பிறகு “ஸ்க்ரூவ மட்டும் கழட்டிராத.”

மேலேயா கீழேயா என்று கேட்க அப்பாவுக்கு போன் செய்தேன்.

“எந்த ஃபேன்?” என்றார்.