பேக்கப் மெஷினில் சாவி இல்லை

பல மெஷின்கள் நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபைல் சிஸ்டமான செஃப்எஃப்எஸ்ஸை இரண்டு மெஷின்களில் மவுண்ட் செய்து வைத்திருந்தோம்; இரண்டாவது பேக்கப் மெஷின். சம்பளக் கணக்கு ஃபோல்டரை மட்டும் என்கிரிப்ட் செய்யச் சொன்னார்கள். லினக்ஸ் கெர்னல் 6.6-லிருந்து செஃப் கிளையன்ட்டிலேயே ஃபோல்டர் வாரியாக என்கிரிப்ட் செய்யும் எஃப்எஸ்கிரிப்ட் வசதி உண்டு. காலி ஃபோல்டரில்தான் பாலிசி, அதாவது என்கிரிப்ட் செய்யும் விதி, வைக்க விடும் என்பதால் புதிதாக ஒன்று உருவாக்கி, பாஸ்பிரேஸ் கொடுத்து, கோப்புகளை உள்ளே காப்பி செய்தேன்.

மறுநாள் காலை பேக்கப் ஃபெயில். அந்த மெஷினில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டால் கோப்புப் பெயர்களுக்குப் பதில் வாயில் நுழையாத நீள நீளச் சரங்கள். "கரப்ட் ஆயிடுச்சுண்ணே, அழிச்சிட்டு திரும்பப் போட்டுடலாம்" என்று பக்கத்து சீட் தம்பி அழிக்கும் கட்டளையான ஆர்எம் வரை அடித்துவிட்டான். என்டர் தட்டுவதற்குள் கையைப் பிடித்தேன். சாவி இல்லாமல் திறக்க முடியாது, புதுக் கோப்பு போட முடியாது. ஆனால் அழிக்க முடியும்!

பர்மிஷன் சிக்கலோ என்று அதை மாற்றும் சிஎச்மோட் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. புரோகிராம் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் ஓட்டியதும் தெரிந்தது: கோப்பைத் திறக்க ஓப்பன் கூப்பிடும் இடத்தில் ஈநோகீ என்ற பிழை. "ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்." கோப்பு சர்வரில் பொதுவாக இருந்தாலும், சாவி அந்தந்த மெஷினின் கெர்னல் மெமரியில்தான். சர்வருக்குச் சாவியே தெரியாது. நான் திறந்தது முதல் மெஷினில் மட்டும்.

பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து, யூசர் கீரிங்கில் (பயனரின் சாவிக்கொத்து) சாவி சேர்க்கும் கீசிடிஎல்லில் ஒரு மணி நேரம் வீணடித்தேன். கெர்னல் 5.4-இல் வந்த இரண்டாம் பதிப்பு பாலிசிக்கு சாவி யூசர் கீரிங்கில் அல்ல, மவுண்ட் ஆன ஃபைல் சிஸ்டத்தோடு சேர வேண்டும். பேக்கப் மெஷினில் எஃப்எஸ்கிரிப்ட் அன்லாக் போட்டு பாஸ்பிரேஸ் அடித்ததும் பெயர்கள் பழையபடி வந்தன. லாகின் பாஸ்வேர்டோடு இணைத்திருந்தால் மாட்டியிருப்பேன். அந்த விவரம் முதல் மெஷினின் ரூட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருக்கும்.

ரீபூட் ஆனால் சாவி போய்விடும். பாஸ்பிரேஸை ஸ்கிரிப்ட்டில் எழுதி வைக்கலாமே என்றார்கள். அதற்கு என்கிரிப்ட் செய்யாமலேயே இருக்கலாம். ரீபூட்டுக்குப் பின் ஒருவர் கையால் அடிப்பது என்று முடிவானது. பேக்கப் முடிந்ததும் பூட்டிவிட வேண்டும்.

முதல்முறை பூட்டியபோது முழுதாகப் பூட்டவில்லை என்றது. ஏதோ ஒரு கோப்பு இன்னும் திறந்திருக்கிறதாம். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப்பில் தேடினால், முந்தின நாள் நானே விட்டுவிட்டுப் போன ஒரு டெயில் எஃப் (கோப்பின் கடைசி வரிகளைத் தொடர்ந்து காட்டும் கட்டளை). அதைக் கொன்று, மறுபடி லாக் போட்டேன். எல்எஸ்ஸில் திரும்பவும் அதே வாயில் நுழையாத சரங்கள்.