சாக்லேட்டும் மூன்று கேமராவும்

'ஐ லவ் லூசி' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி இன்று மறுபடி கண்ணில் பட்டது. நாயகி லூசி சாக்லேட்டுகளை வாயிலும் தொப்பியிலும் திணித்துக்கொண்டிருக்கிறார்.

1952-இல் எடுத்தது. படம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது!

அன்றைய நேரலைகளை டிவி திரையிலிருந்தே ஃபிலிம் கேமராவில் பிடிப்பார்கள்; அதற்குப் பெயர் கினெஸ்கோப். கலங்கித்தான் வரும்.

சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'ஐ லவ் லூசி'க்கோ 35 மி.மீ. ஃபிலிம், ஒரே நேரத்தில் மூன்று கேமரா, எதிரே பார்வையாளர்கள்.

சிக்கல் வெளிச்சத்தில். குளோசப்புக்குத் தனியாக விளக்கை மாற்ற முடியாது. தரையில் வைத்தால் கேமரா வண்டி இடிக்கும்.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் பெரும்பாலான விளக்குகளை மேலே தொங்கவிட்டார். செட்டுக்குச் சாம்பல் நிறச் சாயங்கள். வெள்ளை கண்ணைப் பறிக்கும் இல்லையா.

மறுஒளிபரப்பு வியாபாரம் செழித்ததற்கு இந்த ஃபிலிம் சுருள்கள் முக்கியக் காரணம். நடிப்பைக் கொண்டாடுகிறவர்கள் ஃப்ராய்ண்டை மறந்துவிடுகிறார்கள்.