உப்புக்காத்துக்கு ஷீட்டு வாங்கப் போய் நான் பட்ட பாடு

வேதாரண்யம் பக்கம் மாடில கூரை ஷீட்டு போடலாம்னு இருக்கவங்க கடைக்கு போறதுக்கு முன்னாடி இத படிச்சுட்டு போங்க. கஜா புயல் அடிச்சு முடிச்ச 2018 கடைசில எங்க தெருவுல அவசரத்துக்கு போட்ட சாதா ஜிஐ தகரம்லாம் (வெறும் துத்தநாகம் பூசுனது) இப்ப ஓரத்துல செல்லரிச்ச மாதிரி உதிருது, அதனால எனக்கு கலரு டிசைனு ஒண்ணும் வேணாம், துரு புடிக்காம நின்னா போதும்னுதான் கெளம்புனேன்.

திருத்துறைப்பூண்டில ஏறுன கடையெல்லாம் ஒரே பாட்டு. "இது 0.50 தம்பி, துருவே புடிக்காது, கண்ண மூடிட்டு எடுத்துட்டு போ." யோவ், 0.50ங்கறது மில்லிமீட்டர்ல தடிமன், துருவத் தடுக்கறது மேல இருக்க பூச்சு! நான் தேடுனது கால்வால்யூம் ஷீட்டு, அதுன்னா அந்த பூச்சுல 55 சதவீதம் அலுமினியம், மிச்சம் பெரும்பாலும் துத்தநாகம், அத எவ்வளவு பூசிருக்கான்ங்கறதுதான் விஷயமே. அந்த அளவத்தான் ஏஇசட் (AZ) நம்பருன்னு சொல்லுவாங்க, ஏஇசட் 150ன்னா ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேத்து 150 கிராம். ஏஇசட் 70 பாதிகூட இல்ல, ஆனா மேல பெயிண்டு அடிச்சப்பறம் ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். "ஏஇசட் எவ்வளவுண்ணே"ன்னு கேட்டா கல்லால இருந்தவரு என்ன மேலயும் கீழயும் பாக்குறாரு. "அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துப்பான்"னாரு.

வாரண்டி பேச்சு இன்னும் மோசம். வாயால வருஷக்கணக்கு சொல்லுவாங்க, கார்ட காட்டுங்கன்னா ஸ்டாக் இல்லம்பாங்க. ஒரு கடைல விடாம நின்னு வாங்கிப் பாத்தா, கடலோரத்துக்கு செல்லாதுன்னு பொடி எழுத்துல போட்டுருக்கு. கடல்காத்துக்காக ஷீட்டு தேடுறவன்கிட்ட இதத்தான் விக்குறாங்க!

கடைசில ஒரு கடைக்காரர் எல்லாத்தையும் பில்லுல எழுதித்தர ஒத்துக்கிட்டாரு. பில்லுல வெறும் "கலர் ஷீட்"னு எழுத விடாதீங்க, கம்பெனி பேரு, தடிமன், ஏஇசட் நம்பரு மூணும் எழுதி வாங்குங்க, அதுதான் என்னைய காப்பாத்துச்சு. லோடு வந்து எறங்குனப்ப ஷீட்டு அடிப்பக்கம் ஒரு எழுத்து இல்ல. நல்ல கம்பெனி ஷீட்டுன்னா பின்னாடி பேரு, தடிமன், பூச்சு எல்லாம் அச்சடிச்சு வரும். சந்தேகமா இருந்துச்சு, நெல்லு எடை போடுற தராசுல ஒரு ஷீட்ட தூக்கி வெச்சோம். நாலடி அகல தகரச் சுருள்ல (காயில்) அடிச்ச 12 அடி ஷீட்டு நெஜமாவே 0.50ன்னா 17 கிலோ கிட்ட வரணும், இது 15 தான். பில்லயும் தராசையும் போட்டோ எடுத்து அனுப்புனேன். சாயந்திரத்துக்குள்ள "லோடு மாறிப்போச்சு சார்"னு போன் வருது, காலைல தம்பியா இருந்தவன் சாயந்திரம் சார் ஆயிட்டேன். மறுபடி வந்த லோடுல எழுத்து பளிச்சுன்னு இருந்துச்சு.

ஷீட்ட தாங்குற இரும்புச் சட்டம் (டிரஸ்) அடிச்சது, அதுக்கு பெயிண்டு எல்லாம் பிரச்சன இல்லாம முடிஞ்சுது. ஷீட்டு ஏத்துறப்ப மட்டும் பக்கத்துலயே நில்லுங்க. கட்டிங் மிஷின ஷீட்டு மேலயே வெச்சு ஓட்டுனா பொறி தெறிச்ச எடமெல்லாம் பூச்சு போயிடும், கீழ எறக்கித்தான் வெட்டச் சொல்லணும். ஸ்க்ரூ போடுறப்ப உதிர்ற இரும்புத்தூள அன்னன்னைக்கே கூட்டிடணும், விட்டா ராத்திரி பனிலயே செவப்பு புள்ளியா நிக்கும். ஸ்க்ரூவும் சாதா ஸ்க்ரூ வேணாம், நல்ல கோட்டிங்கோட ரப்பர் வாஷர் வெச்சது வாங்குங்க, இந்தக் காத்துல முதல்ல போறது அதுதான். செவுரு ஓரத்துல ஈர சிமெண்டு பூசி அடைக்க வந்தாங்க, அதையும் தடுத்தேன், ஈர சிமெண்டு அலுமினியத்த தின்னுடும். அப்பறம் மழ படாத தாழ்வாரத்து அடிப்பக்கத்துல உப்பு தங்கும், அங்கதான் துரு ஆரம்பிக்கும், வெயில் காலத்துல அப்பப்ப நல்ல தண்ணி அடிச்சு விடணும்.

மிஞ்சுன ஷீட்ட மாட்டுக்கொட்டாய்ல போட்டுரலாம்ணேன்னு பட்டறை தம்பி கேட்டான். வேணாம்னுட்டேன், மூத்திரத்துல கெளம்புற அமோனியா இந்த பூச்சுக்கு ஆகாது. இப்போதைக்கு அங்க கீத்துதான். கடலோரத்துல மாட்டுக்கொட்டாய்க்கு போட்டு நாலஞ்சு மழ தாங்குனது எதுவும் இருந்தா சொல்லுங்கப்பா.