கொல்லிமலை ஜீப்பும் அதன் கணக்கு நோட்டும்

கொல்லிமலையில் எங்களுக்கு இருக்கும் சிறிய மிளகுத் தோட்டத்துக்காக 6 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பழைய டீசல் ஜீப்பை வாங்கினேன். 1990களின் தொடக்கத்தில் பதிவான மகிந்திரா எம்.எம்.540 அது. வாங்கிய விலையை வீட்டில் சொன்னேன். அதன் பிறகு ஆன செலவை இதுவரை முழுவதுமாகச் சொன்னதில்லை. ஆனால் அத்தனையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி விசாரிப்பதால், அந்த நோட்டைப் புரட்டியபடி இதை எழுதுகிறேன்.

பியூஜோ வடிவமைத்த எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் எஞ்சின் இதில் இருக்கிறது. 4 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர் என்பதே அந்தப் பெயரின் பொருள். மொத்தக் கொள்ளளவு 2,112 சி.சி. சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ‘எளிமையான எஞ்சின், செலவே வைக்காது’ என்று விற்றவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. எளிமையாக இருப்பதாலேயே யார் வேண்டுமானாலும் இதில் கை வைக்கலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. 30 ஆண்டுகளாக அப்படிக் கை வைத்தவர்கள் செய்துவிட்டுப் போன ஒட்டுவேலைகளைப் பிரித்துச் சரிசெய்வதற்குத்தான் என் பணத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. உதிரிபாகங்களின் விலை அதில் சிறிய பங்குதான்.

முதல் ஆண்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது காலை நேரத்து ஸ்டார்ட்டிங் பிரச்சினை. மார்கழிக் குளிரில் 10 நிமிடம் உறுமிய பிறகே வண்டி உயிர் பெறும். இந்த வகை எஞ்சினில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் செல்லாமல் பக்கத்தில் உள்ள சிறிய அறையில் எரியத் தொடங்குவதால், குளிர்ந்த உலோகம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அந்த அறைகளைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கும் வேலை செய்தாக வேண்டும். என் வண்டியில் இரண்டு செத்திருந்தன. நான்கையும் மாற்றியபோது 1,900 ரூபாய் ஆனது, தொல்லை பாதிதான் குறைந்தது. பிறகு ஒரு பட்டறையில் பேட்டரி என்றார்கள், இன்னொரு இடத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார்கள். இரண்டையும் செய்து 11,000 ரூபாயைத் தொலைத்த பின்னர், லாரிகளுக்கு டீசல் பம்ப் வேலை மட்டுமே பார்க்கும் நாமக்கல் மெக்கானிக் ஒருவர், டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து அதிலிருந்த மயிரிழை வெடிப்பைக் காட்டினார். எஞ்சின் நின்றிருக்கும் இரவு முழுவதும் அதன் வழியே காற்று புகுந்து, டீசல் மெல்ல டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. காலையில் பம்ப் முதலில் காற்றைத்தான் இழுக்கிறது. குழாயின் விலை 120 ரூபாய். டீசல் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், காற்று உள்ளே போனால் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அடுத்தது சூடு. மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சித்திரை மாதத்து மதியம் ஒன்றில், மூட்டைகளோடு பாதி மலை ஏறியிருந்தபோது நீராவி கிளம்பி வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தால், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை முந்தைய உரிமையாளர்களில் யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். சூடு ஏறினால் அதைக் கழற்றிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளின் பழைய பழக்கம். அதனால் சமவெளியில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் வெள்ளைப் புகை விட்டு டீசலைக் குடிக்கும். உண்மையான நோயோ ரேடியேட்டருக்குள் அப்படியே இருக்கும். ஆண்டுக்கணக்காகப் போர்வெல் தண்ணீர் ஊற்றியதில் ரேடியேட்டர் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருந்தன. வெப்பமானியின் ஒயரையும் துண்டித்து வைத்திருந்தார்கள், முள் ஏறுவதைப் பார்க்க மனமில்லாதவர்கள் போலும். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டதால் லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, கேஸ்கெட் மாற்றி, ரேடியேட்டருக்குப் புதிய கோர் போட்டு முடித்தபோது நோட்டில் 26,500 ரூபாய் ஏறியிருந்தது. இப்போது கூலன்ட் கலந்த டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றுவதில்லை.

50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் முன்சக்கரங்கள் உதறத் தொடங்குவது பழைய ஜீப்புகளின் பொது வியாதி. பலர் உடனே ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை இறுக்கிவிடுவார்கள். உதறல் சற்று அடங்கும், ஆனால் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, மலைப்பாதையில் அது மிகவும் ஆபத்தானது. என் வண்டியில் அதுவும் நடந்திருந்தது. தேய்ந்திருந்தவை, முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்குகளும், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகளும். பேரிங்கை மாற்றி, ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து அளவாக இறுக்கம் கொடுக்கத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்கவே 3 வாரம் ஆயிற்று. வேலையோ ஒரே நாள், செலவு 7,000 ரூபாய்.

நால்சக்கர இயக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாட்டை ஈடுசெய்துவிடும், தார்ச்சாலையில் அது முடியாமல் முறுக்கு முழுவதும் சக்கரங்களுக்குச் சக்தியைக் கடத்தும் ஷாஃப்டிலும் அதன் மூட்டான கிராஸிலும் ஏறும். ஐப்பசி மழையில் தோட்டத்துச் சேற்றைத் தாண்டிய மகிழ்ச்சியில் நால்சக்கர இயக்கத்தை விடுவிக்கும் லீவரைத் தள்ள மறந்து தார்ச்சாலையில் ஓட்டி, முன் ஷாஃப்ட் கிராஸை உடைத்தவன் நான்தான். இந்த ஒன்றுக்கு முந்தைய உரிமையாளர்களைக் குறை சொல்ல வழியில்லை.

பிரேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்தால் அந்த அச்சில் உள்ள இரண்டையும் மாற்றிவிடுங்கள். வாங்கும் முன் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவது அதைவிட முக்கியம், ஏனெனில் எஞ்சின் மாற்றப்பட்டு அது பதிவாகாத ஜீப்புகள் நிறைய இருக்கின்றன. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுக்கு மேற்பட்ட இலகுரக வாகனங்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. பசுமை வரி தனி.

பெரிய வேலைகள் முடிந்த பின், கடந்த 2 ஆண்டுகளில் டீசல் தவிர்த்து ஆண்டுக்கு 15,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. கியர்பாக்ஸுக்கும், சக்தியை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே உள்ள சீல் மட்டும் மெல்லக் கசிகிறது. அதை மாற்ற இரண்டையும் கீழே இறக்க வேண்டும், வண்டி 4 நாள் பட்டறையில் கிடக்கும். எனவே மிளகுப் பறிப்பு முடியும்வரை வாரம் ஒருமுறை ஆயில் அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டு, வண்டிக்கடியில் ஓர் அட்டையைப் போட்டு வைத்திருக்கிறேன்.