தேதி இருக்கேப்பா

மீனம்பாக்கத்தில் இன்று காலை செக்-இன் கவுன்ட்டரில் ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் கிளம்பியவர். பாஸ்போர்ட் முடிய இன்னும் 4 மாதம் இருக்கிறது. "தேதி இருக்கேப்பா, பாருங்க" என்று அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். தள்ளுவண்டியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, மேலே மார்க்கரில் "லேகியம், சாய்க்காதீர்கள்".

மனசு ஆறவே இல்லை.

சிங்கப்பூர், மலேசியா இரண்டுமே குறைந்தது 6 மாதம் செல்லுபடி கேட்கும். இதை டிக்கெட் போடும்போதே யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையங்களில் எங்கே நாள் கிடைக்கிறதோ அங்கே போங்கள். அப்புறம், சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 வருடம்தான், அதையும் எடுத்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் அம்மாவின் பாஸ்போர்ட்டை வாட்ஸ்அப்பில் படமாக வாங்கிப் பார்த்துவிடுங்கள்.